ரிப்பன் கட்டிய கழிப்பறை

பூக்காபம்பா பள்ளிக்கூடத்தில் நல்ல கழிப்பறை ஒன்று இருந்தது. நான்கு அறைகள், வானநீல ஓடுகள், வெள்ளைப் பீங்கான், உள்ளிருந்து போட்டுக்கொள்ளத் தாழ்ப்பாள். ஒரே ஒரு குறை. அதைத் திறக்கவில்லை.

நகராட்சி ஆட்கள் கட்டி முடித்துப் போன அன்றே வாசலுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ரிப்பன் கட்டி, கதவைப் பூட்டி, நிலைக்கு மேலே ஒரு மண்கலயத்தில் சிச்சா என்கிற சோளக்கள் ஊற்றித் தொங்கவிட்டுப் போனார்கள். பாத்ரினோ என்கிற ஞானத்தந்தை வந்து, பேசி, சுத்தியலால் அந்தக் கலயத்தை உடைத்த பிறகுதான் கட்டடம் கட்டடமாகும். புது ரொட்டிக்கடையானாலும் சரி, பழசாக வாங்கின வேனானாலும் சரி, பாத்ரினோ இல்லாமல் அந்தப் பக்கத்தில் எதுவும் தன் வாழ்க்கையைத் தொடங்குவதில்லை. பின்பக்கம் தண்ணீர்க் குழாயின் திருகிலும் சின்னதாக ஒரு ரிப்பனும் சின்னதாக ஒரு கலயமும் இருந்தன. தண்ணீர் வேறு திட்டம், வேறு இலாகா.

நாளாக நாளாக ரிப்பனின் சிவப்பும் வெள்ளையும் ஒரே நிறமாயின. கலயத்திலிருந்த சிச்சா காற்றோடு போயிற்று. அதற்குள் ஒரு குருவி கூடு கட்டியது. அந்த வளாகத்தை அனுமதி இல்லாமல் உபயோகித்த ஒரே உயிர் அதுதான்.

பாத்ரினோவை அழைக்கும் அதிகாரம் நிரந்தரத் தலைமை ஆசிரியருக்கு மட்டுமே உண்டு. பூக்காபம்பாவில் பழைய தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. எர்மெலிந்தா அப்பாசா 'பொறுப்பு'. பொறுப்பு என்றால் மணி அடிக்கலாம், கூரை ஒழுகினால் மேலே ஏறலாம், திங்கட்கிழமை கொடி ஏற்றலாம், யார் வந்து திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம். அழைக்க மட்டும் முடியாது.

பூட்டை உடைத்தால் என்ன என்று மாகாணக் கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டாள். திறப்பு விழா நடக்காத கட்டடம் கணக்கில் இல்லாத கட்டடம், இல்லாத கட்டடத்தை உபயோகிப்பது கடும் குற்றம் என்று பதில் வந்தது. மலைக்குக் கீழே ஒரு ஊரில் ஒரு பொறுப்பு ஆசிரியர் அப்படி உடைத்திருந்தார். பாதை முடிகிற இடத்துக்கு அவரை மாற்றினார்கள். அவர்மேல் எழுதப்பட்ட குற்றம்: இல்லாத சொத்துக்குச் சேதம்.

முன்பெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னாலிருந்த பார்லி வயலுக்குப் போனார்கள். வயல்காரர் முள்கம்பி வேலி போட்டார். அதன்பின் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினார்கள். பூக்காபம்பா பிள்ளைகளைப்போல் அடக்கமான பிள்ளைகளை எங்கும் பார்த்ததில்லை என்று ஒரு ஆய்வாளர் பாராட்டிவிட்டுப் போனார். சொல் சரிதான்.

ஒருநாள் டோன்யா பாசீலியா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். ஆறாம் வகுப்பு ரோசாவ்ராவின் அம்மா. மரியாதைக்குப் பெண்களை டோன்யா என்றும் ஆண்களை டோன் என்றும் அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"டீச்சர், நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். ரோசாவ்ரா பெரிய பொண்ணாயிட்டா. ஒதுங்க ஒரு மறைப்பு இல்லாத இடத்துக்கு நான் எப்படி அனுப்புவேன்? இப்பவே மாசத்துல பாதி நாள் வீட்டுலதான் கெடக்கா."

"தெரியும் டோன்யா பாசீலியா. நான் எத்தனை தடவை..."

"நீங்க கேட்டீங்க, அதுவும் தெரியும். ஜூலை லீவு முடியறப்போ அந்தக் கதவு திறந்திருந்தா அனுப்புறேன். இல்லேன்னா செம்மறி இருக்கு, மேய்க்கட்டும்."

"அவ கணக்குல எப்படி கெட்டிக்காரி தெரியுமா உங்களுக்கு?"

"செம்மறியும் கணக்குதான் டீச்சர். சாயங்காலம் எண்ணித்தானே பட்டியில அடைக்கணும்?"

அவள் போனபின் காவல்காரர் டோன் சத்துர்னீனோ துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அருகே வந்தார். பூட்டிய கழிப்பறையின் வெளிச்சுவரை வாரம் தவறாமல் கழுவுகிறவர் அவர்.

"பேசாம நீங்களே பெரிய டீச்சர் ஆயிடுங்களேன். ஆகுறவங்களுக்கெல்லாம் கொம்பா முளைச்சிருக்கு?"

"எதுக்கு ஆகணும்னு கேப்பாங்க, டோன் சத்துர்னீனோ. இப்பல்லாம் அதைத்தான் கேக்குறாங்களாம்."

"கக்கூசைத் திறக்கறதுக்குன்னு சொல்லுங்க. இதைவிட நல்ல காரணம் எந்த மவராசன்கிட்ட இருக்கு?"

அது நல்ல காரணம் என்று எர்மெலிந்தாவும் நம்பினாள். அங்கேதான் தவறு நேர்ந்தது.

*

மாகாணக் கல்வி அலுவலகத்தில் எல்லோரும் டாக்டர். வாசல் காவலர் மட்டும் இன்ஜினியர்.

முன்னொரு காலத்தில் தலைமைப் பதவிக்கு வருகிறவர்களிடம் பள்ளியை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டார்கள். நிறையப் பேருக்குப் பதில் தெரிந்திருந்ததால் தேர்ந்தெடுப்பது சிரமமாயிற்று. சீர்திருத்தம் வந்தது. இப்போது ஒரே கேள்விதான்: உங்கள் தனிப்பட்ட உந்துதல் என்ன? அதற்கென்று ஒரு பிரிவு, ஒரு மாடி, கம்பளம் விரித்த ஒரு அறை. தாழ்வாரச் சுவரில் பெரிய எழுத்தில், 'உனக்குள் போ, அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே ஒரு அம்புக்குறி, 'சுகாதார வளாகம்' என்று வலப்பக்கம் காட்டியது. எர்மெலிந்தா அந்தப் பக்கம் பார்த்தாள். தாழ்வாரக் கோடியில் ஒரு கதவு. அதன் குறுக்கே அகலமான பட்டு ரிப்பன். மேலே மெருகேற்றின கலயம், பூ வேலையோடு. தலைமை அலுவலகமாயிற்றே.

பெஞ்சில் அவள் பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். பெயர் எலியோதோரோ. நகரப் பள்ளி ஒன்றில் வேலை. இந்தப் பெஞ்சுக்குப் பழையவர்.

"முதல் தடவையா டீச்சர்? பதறாதீங்க. உங்க உந்துதல் என்ன வகை? மிருகமா, மரணமா?"

"அப்படின்னா?"

"எனக்கு ரெண்டும் இருக்கு. சின்னப் பையனா பள்ளத்தாக்கு ஓரமா நிக்கிறேன். ஒரு கொண்டோர் கழுகு என் தலையைச் சுத்தி வட்டம் போடுது. அதே நேரத்துல வீட்டுல எங்கம்மா உயிர் போகுது. போற நேரத்துல என் கையில ஒரு சுண்ணாம்புக்கட்டியை வச்சு அழுத்துறாங்க."

எர்மெலிந்தாவுக்கு நெஞ்சு இளகியது. "அடடா. அம்மா போய் எத்தனை காலமாச்சு?"

"அம்மாவுக்கென்ன? கீழ வாசல்ல ஆட்டுத்தலை சூப் வித்துட்டிருக்காங்க. போறப்ப குடிச்சிட்டுப் போங்க. எலியோதோரோ அனுப்பினான்னு சொன்னா எலும்பு ஒண்ணு சேத்துப் போடுவாங்க."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"அவங்கதான் அந்தச் சாவையே திருத்திக் குடுத்தாங்க. நான் முதல்ல இருமல்னு வச்சிருந்தேன். 'இருமல்ல செத்தா யாருடா அழுவான், மின்னல்னு வை'ன்னாங்க."

அவள் பெயரை அழைத்தார்கள்.

கம்பள அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். பிரிவின் தலைவர் டாக்டர் வென்செஸ்லாவோ, தடித்த, சிவந்த, அழகாக மீசை வெட்டின மனிதர். பக்கத்தில் உளவியல் நிபுணர் டாக்டர் மிர்த்தா, கழுத்தில் கண்ணாடி தொங்க, காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றை மடியில் வைத்திருந்தார்.

"சொல்லுங்க டீச்சர். எதுக்காகத் தலைமைக்கு வர்றீங்க?"

"பாத்ரூமைத் திறக்கணும் டாக்டர்."

இருவரும் காத்திருந்தார்கள். தொடர்ச்சி இருக்கும் என்று நினைத்தார்கள். இல்லை.

"எந்த பாத்ரூம்? உருவகமாச் சொல்றீங்களா?" என்று டாக்டர் மிர்த்தா கேட்டார்.

"இல்லீங்க. நாலு ரூம். நீல ஓடு. பிள்ளைங்களுக்கு வேணும். லீவு முடியறதுக்குள்ள திறக்கலேன்னா ஒரு பொண்ணு படிப்பையே நிறுத்திருவா."

டாக்டர் வென்செஸ்லாவோ பெருமூச்சு விட்டார். கோபப்படவில்லை. அவர் கருணை உள்ளவர், அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"டீச்சர், இது தேவை. உந்துதல் இல்ல. தேவை யாருக்குத்தான் இல்ல? தேவையைப் பாத்துப் பதவி குடுத்தா இந்த மாகாணம் என்னத்துக்கு ஆகும்? என்னையே எடுத்துக்கோங்க. வகுப்புல நான் கடைசி பெஞ்ச். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாத்ததில்ல. அன்னைக்கே என் மனசுல ஒரு விதை விழுந்துச்சு. ஒருநாள் எல்லாரும் என்னைப் பாக்கணும், நான் யாரையும் பாக்கவேண்டிய நிலைமை இருக்கக் கூடாது. அந்த விதைதான் இன்னைக்கு இந்த சேவையா வளந்து நிக்குது."

டாக்டர் மிர்த்தா அவருக்கு ஒரு கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார்.

எர்மெலிந்தாவின் உந்துதல் 'மேலோட்டம்' என்று முடிவாயிற்று. ஆழப்படுத்தும் பயிலரங்குக்கு அனுப்பினார்கள்.

*

பயிலரங்கில் எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் படுக்க வேண்டும். மலையூர் ஆசிரியர்களின் காலுறைகளில் ஓட்டை இருந்ததால் பலரும் பாதத்தை மடித்துக்கொண்டு படுத்தார்கள்.

"கண்ணை மூடுங்க," என்றது டாக்டர் மிர்த்தாவின் குரல். "உள்ள ஒரு தெரு தெரியுதா? அந்தத் தெருக்கோடியில ஒரு குழந்தை நிக்குது. அது நீங்கதான். கிட்டப் போங்க. உனக்கு என்ன வேணும்னு கேளுங்க."

கேட்ட மாத்திரத்தில் எலியோதோரோ அழத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். எர்மெலிந்தா உண்மையாகவே முயன்றாள். தெரு தெரிந்தது. குழந்தையும் நின்றது. முழங்காலை முழங்காலோடு ஒட்டிக்கொண்டு, பின்னலைக் கடித்துக்கொண்டு நின்றது.

"என்ன சொல்லுது டீச்சர்?"

"பாத்ரூம் போகணுங்குது டாக்டர்."

"அது தடுப்பு. உண்மையைப் பாக்க விடாம உங்க மனசு தடுப்புப் போடுது. இன்னும் கிட்டப் போங்க."

"இன்னும் கிட்டப் போனா நனைஞ்சிரும் டாக்டர்."

யாரோ சிரித்தார்கள். அவளைக் கம்பளத்தின் ஓரத்துக்கு மாற்றிப் படுக்க வைத்தார்கள்.

ஊருக்குத் திரும்பும் வேனில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் யாருடைய கோழியோ தூங்கியது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பதில் தெரிந்தவருக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது. நான் ஏன் தலைமை ஆக விரும்புகிறேன்? பிள்ளைகளுக்காக என்று நினைத்திருந்தாள். அது மட்டும்தானா?

தனக்குள் கையைவிட்டுத் துழாவினாள். கைக்கு முதலில் தட்டுப்பட்டது அந்த நாற்காலி. பழைய தலைமை ஆசிரியருடையது, கை வைத்த நாற்காலி. எல்லோரும் போனபின் ஒருதடவை அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கைகளை வைத்துக்கொள்ள ஓர் இடம் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று அன்று தோன்றியது. அடுத்து அகப்பட்டவள் அரெக்கிப்பா நகரத்திலிருக்கும் தங்கை நெலீதா. ஒவ்வொரு பேச்சிலும் "இன்னும் அந்த மலையிலதானாக்கா?" என்று கேட்பாள். அந்த 'இன்னும்' மேல் எர்மெலிந்தாவுக்கு இவ்வளவு கோபம் இருக்கிறது என்று இதுவரை தெரியாது. இவ்வளவு சின்ன ஆசைகளா எனக்குள் இருக்கின்றன என்று வெட்கப்படப் பார்த்தாள். வெட்கம் வரவில்லை, வியப்புதான் வந்தது.

அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. பதினொரு வயது. வேறொரு பள்ளிக்கூடம், திங்கட்கிழமை கொடி வணக்கம். எல்லோரும் மார்பில் கை வைத்துப் பாடுகிறார்கள். அவள் கை உயர்த்திக் கேட்டாள், பாட்டு முடியட்டும் என்றார்கள். பாட்டு நீளமான பாட்டு. அது முடிவதற்குள் சூடாகக் கால் வழியே இறங்கியது. பாடிக்கொண்டே நின்றாள், நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று. அவளுடைய குரல்தான் அன்று எல்லோரையும்விட ஓங்கி ஒலித்ததாம். தேசப்பற்றுக்காகக் கைதட்டினார்கள்.

வேன் வளைவில் திரும்பியது. எர்மெலிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுதான் அவர்கள் கேட்கிற பொருள். குழந்தை இருக்கிறது, காயம் இருக்கிறது, கொடிகூட இருக்கிறது. கம்பள அறையில் இதை எடுத்து வைத்தால் கைக்குட்டைப் பெட்டி காலியாகிவிடும். கொண்டோரும் மின்னலும் பக்கத்தில் நிற்க முடியாது.

மடியிலிருந்த கோழியை மெல்லத் தடவினாள். இல்லை. இதை அவர்களுக்குத் தரமாட்டேன். தங்கையை வேண்டுமானால் தருகிறேன்.

*

இறுதிக் கேள்விக்கு விடியும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். வாசலில் எலியோதோரோவின் அம்மா பிடித்துக்கொண்டாள். மின்னல் தாக்கி இறந்தவள் என்று சொல்ல முடியாதபடி திடகாத்திரமானவள்.

"நீதானா அந்தப் பாத்ரூம் டீச்சர்? உக்காரு தாயி. எம்புள்ள சொன்னான். என்ன இப்படி ஒட்டி உலந்திருக்க? குடி."

ஒரு கிண்ணம் குடித்தாள். எலும்பு சேர்த்துப் போட்ட மறு கிண்ணத்தை மறுத்தால் அவமரியாதை. குளிருக்குக் கோக்கா இலைத் தேநீரும் தந்தாள். அதன்பின் மாடிப் பெஞ்சில் எர்மெலிந்தா காத்திருந்தாள். காலை முழுக்கக் காத்திருந்தாள். எலியோதோரோ உள்ளே போனார். கதவு வழியே கொண்டோர் வட்டமிடும் சத்தம் கேட்டது. வட்டமிட்டுக்கொண்டே இருந்தது.

எர்மெலிந்தா எழுந்து தாழ்வாரக் கோடிக்குப் போனாள். பட்டு ரிப்பன் அப்படியே இருந்தது.

"அது இன்னும் திறக்கலம்மா," என்றார் காவலர். "மந்திரி வரணும்."

"நீங்கள்லாம் எங்க போறீங்க இன்ஜினியர்?"

"டாக்டருங்க அவங்கவங்க வீட்டுக்குப் போவாங்க. பத்து மணிக்கு மேல யாரும் ஸீட்ல இல்லேன்னு ஜனங்க ஏசுது. பாவம், அவங்க மட்டும் என்ன பண்ணுவாங்க? நான் சந்தைக்குப் போவேன். நீங்களும் போயிட்டு வாங்க. ஆனா பேரு கூப்பிடறப்ப ஆளு இல்லேன்னா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் என்றால் செம்மறி. எர்மெலிந்தா பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை, நின்றாள். நிற்கவும் முடியவில்லை. உள்ளே எலியோதோரோவின் அம்மா இறந்துகொண்டிருந்தாள், அவசரமில்லாமல்.

ஒருவழியாக அழைத்தார்கள். கண் சிவந்து வெளியே வந்த எலியோதோரோ, "களம் சூடா இருக்கு டீச்சர், போங்க," என்றார்.

தங்கையைப் பற்றி ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். கம்பளத்தில் கால் வைத்ததும் அந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. கைவிரல்கள் நாற்காலியின் முதுகைப் பற்றி வெளுத்தன. கண்களில் நீர் முட்டியது. உதடு நடுங்கியது. டாக்டர் மிர்த்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னே சாய்ந்தார்.

"சொல்லுங்க டீச்சர். அடக்காதீங்க."

"எனக்கு..."

"சொல்லுங்க."

"எனக்கு பாத்ரூம் போகணும் டாக்டர். இப்பவே."

டாக்டர் வென்செஸ்லாவோ மெல்ல எழுந்து நின்றார்.

"கேட்டீங்களா டாக்டர்? போன தடவை இவங்க என்ன சொன்னாங்க? 'பிள்ளைங்களுக்கு' வேணும்னாங்க. அது நிர்வாகம். யார் வேணும்னாலும் சொல்லலாம். இன்னைக்கு என்ன சொன்னாங்க? 'எனக்கு'! பிள்ளைங்க இல்ல, பள்ளிக்கூடம் இல்ல, எனக்கு! இத்தனை வருஷத்துல இந்த அறையில இவ்வளவு தனிப்பட்ட ஒரு உந்துதலை நான் பாத்ததில்ல."

"தடுப்பு உடைஞ்சிருச்சு," என்று டாக்டர் மிர்த்தா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"இன்னும் இல்ல டாக்டர்," என்றாள் எர்மெலிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா இதோ உடையப்போகுது."

முழு மதிப்பெண். பாராட்டுரை ஒன்று நிகழ்ந்தது. அதை நின்று கேட்டாள். இருவரும் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள், கட்டிப்பிடிப்பு அழுத்தமானது. அதன்பின் அவள் சந்தைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது அவளுக்கும் கடவுளுக்கும் தெரிந்தது. திரும்பி வரும்போது வாசலில் எலியோதோரோ நின்றுகொண்டிருந்தார். இரண்டாம் இடம்.

"அம்மாவை வச்சு இத்தனை வருஷம் வீணாக்கிட்டேன் டீச்சர்," என்றார். "அடுத்த தடவை நானும் மூணு கிண்ணம் குடிச்சிட்டு வரேன்."

"ஏன், நான் செத்தது போதலையா உனக்கு?" என்று அடுப்புக்குப் பின்னாலிருந்து அம்மா கத்தினாள்.

*

ஜூலை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமைக்கு விழா வைத்தாள். பாத்ரினோவாக வர டாக்டர் வென்செஸ்லாவோ தாமாகவே முன்வந்தார். தான் கண்டெடுத்த தலைமை அல்லவா. தண்ணீர் இலாகாவிலிருந்து மட்டும் பதில் வரவில்லை. அதற்கு வேறு நாள் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று எர்மெலிந்தா கவலைப்பட்டுக்கொண்டே புது ரிப்பன் கட்டினாள். குஞ்சு பொரித்துப் பறந்துபோன குருவியின் காலிக்கூட்டை டோன் சத்துர்னீனோ யூகலிப்டஸ் மரத்தில் வைத்தார். பெரிய கலயத்திலும் சின்னக் கலயத்திலும் புது சிச்சா ஊற்றினார்.

டோன்யா பாசீலியா ரோசாவ்ராவை அழைத்து வந்திருந்தாள், ஆனால் சீருடை போடாமல். "பாத்துட்டுச் சொல்றேன் டீச்சர்," என்றாள். ரோசாவ்ராவின் கையில் ஒரு மெத்தைத் தட்டைக் கொடுத்து, அதில் சுத்தியலையும் சாவியையும் வைத்து முன்னால் நிறுத்தினார்கள்.

பாத்ரினோ வந்து இறங்கினார். பேண்டு முழங்கியது. சிச்சா வந்தது.

அதில் ஒரு முறை உண்டு. குடம் ஒன்று, கோப்பை ஒன்று. ஊர்த்தலைவர் ஒரு கோப்பை எடுத்து, மண்ணுக்குச் சொட்டுவிட்டு, விருந்தாளியைப் பெயர் சொல்லி அழைத்துக் குடிப்பார். அடுத்த கோப்பையை விருந்தாளி குடித்தாக வேண்டும். பின் மேயர் அழைப்பார். பின் பெற்றோர் சங்கத் தலைவர். பின் பேண்டு வாத்தியார். பின் ஞானஸ்நான உறவு முறையில் ஒருவர். அழைத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கோப்பை. விருந்தாளிக்கு எல்லார் பங்கும். பூமித்தாய்க்குச் சொட்டுகள் போயின, மீதி டாக்டருக்குள் போயிற்று.

"இன்னொண்ணு டாக்டர், என் பேரால," என்றாள் குடத்திலிருந்து ஊற்றிக் கொடுத்த பெண்.

"போதும் டோன்யா."

"போதும்னா என் கை கசக்குதா?"

குடித்தார். பிறகு பேச்சுகள். மேயர் அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியாகப் பாராட்டினார். பெற்றோர் சங்கத் தலைவர் முந்தின மேயரைத் திட்டினார். மூன்றாம் வகுப்பு நடனம் ஆடியது. மலைக்காற்று பனியைத் தடவிக்கொண்டு வந்து மேடை முழுக்க வீசியது. கடைசியில் பாத்ரினோவின் உரை, தலைப்பு: 'நான் ஏன் தலைவனானேன்'.

"கடைசி பெஞ்சில்," என்று தொடங்கினார். நிறுத்தினார். "கடைசி பெஞ்சில் ஒரு சிறுவன்..." மறுபடியும் நிறுத்தினார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். ஒலிவாங்கித் தண்டைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்தன. கண்களில் நீர் முட்டியது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று ஊர் நெகிழ்ந்தது.

எர்மெலிந்தாவுக்கு மட்டும் அந்த முகம் தெரியும். கிட்டே போனாள்.

"டீச்சர்," ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு அவர் கிசுகிசுத்தார், "பின்னால எங்கயாச்சும் ஒதுங்கற மாதிரி..."

"பார்லி வயல் இருந்துச்சு டாக்டர். வேலி போட்டுட்டாங்க."

"அப்ப இதைத் திறங்க!"

"இன்னும் உங்க உரை முடியலையே. ஆறாம் வகுப்புக் கவிதை வேற இருக்கு. கலயம் உடையாத கட்டடம் கணக்குல இல்லாத கட்டடம் டாக்டர்."

"நிகழ்ச்சியை மாத்துங்க. நீங்கதானே தலைமை!"

ஆமாம், அவள்தான். இந்த ஒரு நிமிஷத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. அது இனித்தது. இனிப்பதை நின்று பார்த்தாள். நாற்காலி, தங்கை, கூட இதுவும், எல்லாம் என்னுடையவைதான். பிறகு, பாட்டு முடியும்வரை உரக்கப் பாடிக்கொண்டு நின்ற பதினொரு வயதுக்காரி நினைவுக்கு வந்தாள். அந்த நிலைமையில் ஒருவரை நிற்க வைக்கக் கூடாது. டாக்டராக இருந்தாலும்.

ஆனாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதைக் கேட்காமலிருக்க அவளால் முடியவில்லை.

"மாத்தறேன் டாக்டர். உங்க தனிப்பட்ட உந்துதல் என்னன்னு மட்டும் சொல்லுங்க."

"பாத்ரூம் போகணும்!"

பொத்தியிருந்த கை நழுவிவிட்டது. ஊர் முழுக்கக் கேட்டது. இத்தனை வருஷமாக அவர்கள் கேட்ட அதிகாரிகளின் உரைகளில் இதைப்போல் மனத்திலிருந்து வந்தது வேறில்லை. கைதட்டல் எழுந்தது. பாத்ரினோ மேடையிலிருந்து குதித்தார், ரோசாவ்ராவின் தட்டிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினார், ஒரே அடி, கலயம் சிதறியது. தலையில் சிச்சா வழிய, சுத்தியலை வீசிவிட்டு, சாவியைத் திருகி, ரிப்பனைக் கழுத்தோடு இழுத்துக்கொண்டு முதல் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

பேண்டு வாசித்தது. பின் நின்றது.

"டீச்சர்!" உள்ளிருந்து குரல் வந்தது. "தண்ணி வரல!"

"தண்ணி வேற இலாகா டாக்டர்," என்று எர்மெலிந்தா கதவருகே போய்ச் சொன்னாள். "அது இன்னும் திறக்கல."

"திருகைத் திருப்புங்க!"

"இல்லாத தண்ணியைத் திறந்தா கடும் குற்றமாச்சே," என்றார் டோன் சத்துர்னீனோ, பின்பக்கத்திலிருந்து, பணிவாக.

"நான் திறந்து வைக்கிறேன்! இங்கிருந்தே திறந்து வைக்கிறேன்! எல்லா இலாகா சார்பாவும்!"

"கலயம் ஒண்ணு இருக்கே டாக்டர், அதை உடைக்க நீங்க வெளிய வரணும்."

"யாராச்சும் உடைங்களேன்!"

எர்மெலிந்தா திரும்பிப் பார்த்தாள். சுத்தியல் ரோசாவ்ராவின் காலடியில் கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே பின்பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

"தண்ணிக்கு மாத்ரினா, ஞானத்தாய், ரோசாவ்ரா, ஆறாம் வகுப்பு," என்று எர்மெலிந்தா உரக்க அறிவித்தாள். "சம்மதமா டாக்டர்?"

"சம்மதம்! சம்மதம்!"

சின்னக் கலயம் உடைந்தது. டோன் சத்துர்னீனோ திருகைத் திருப்பினார். குழாய்கள் இருமின, முனகின, பிறகு சுவருக்குள் தண்ணீர் ஓடிவரும் சத்தம் முன்வாசல்வரை கேட்டது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டதும் எல்லோருக்கும் தாகம் எடுத்தது.

"என்ன டோன்யா பாசீலியா?" என்றாள் எர்மெலிந்தா.

டோன்யா பாசீலியா மூன்றாவது அறைக்குள் போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். வெளியே வந்து மகளைப் பார்த்துச் சொன்னாள்: "ஏண்டி நிக்கிற? ஓடிப்போய்ச் சீருடையைப் போட்டுட்டு வா."

சாயங்காலம் எல்லோரும் கலைந்துகொண்டிருக்கும்போது எர்மெலிந்தா நான்காவது அறைக்குப் போனாள். தாழ் போட்டாள். நீல ஓட்டில் வெளிச்சம் விழுந்தது. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாருடைய கேள்வியும் இல்லாத இடம். இதற்குத்தானா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இதற்கும்தான் என்று தோன்றியது.

கதவு தட்டப்பட்டது.

"யாரு உள்ள? சீக்கிரம்!" ரோசாவ்ராவின் குரல். சீருடை போட்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது.

"மத்த மூணும் இருக்கே?"

"எல்லாத்துலயும் ஆளு இருக்கு! சீக்கிரம் வாங்க!"

"இதோ," என்றாள் பூக்காபம்பா பள்ளியின் நிரந்தரத் தலைமை ஆசிரியை, உடனே எழுந்துகொண்டே.